மருதாசலத்தின் துருவா

துருவா என்ற கம்ப்யூட்டரை இப்போது யாரும் செய்வதில்லை. வீட்டு டிவியோடு இணைத்து, கேசட்டிலிருந்து புரோகிராமை ஏற்றி ஓட்டுகிற பழைய மிஷின் அது. செய்த கம்பெனி மூடி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் அதைக் கைவிட மனமில்லாதவர்கள் கொஞ்சம் பேர் அங்கங்கே இருந்தார்கள். ஒருவருடைய துருவா நின்றுபோனால் அவர் கோயமுத்தூருக்கு பஸ் ஏறிப் பவளக்கொடி டீச்சரிடம் வருவார்.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவர். சாயங்காலங்களில் துருவாக்களைப் பழுது பார்ப்பார். கேட்டவர்களுக்குக் கற்றும் கொடுப்பார். அப்படிக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் வெள்ளியங்கிரி, டீச்சரைவிடவே வயதில் மூத்தவர்.

அவர் வந்ததற்குக் காரணம் அவருடைய அண்ணன் மருதாசலம்.

அண்ணன் வேலைக்குப் போன புதிதில் துருவா வாங்கினார். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நீ அமுக்கு கண்ணு" என்பார். தம்பி வளர்ந்து வேலை, குடும்பம், வேறு ஊர் என்று போய்விட்டார். அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. துருவாவுக்கு முன்னாலேயே இருந்துவிட்டார். போன ஐப்பசியில் நெஞ்சுவலி என்று அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகு தம்பிதான் போய் அணைத்தார். அதுவரை டிவியில், அடுத்த எழுத்துக்குக் காத்திருக்கும் சின்னக் கட்டம் மின்னிக்கொண்டே இருந்திருக்கிறது.

டீச்சரிடம் வந்த பிறகு, மற்றவர்களுடைய துருவாக்களை எல்லாம் வெள்ளியங்கிரி திறந்தார், துடைத்தார், மூடினார். அண்ணனுடையதை மட்டும் வீட்டிலேயே வைத்திருந்தார். திறக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை டீச்சர் சொன்னார்: "குன்னூர் உபைதுல்லா பாயோட மிஷின்ல படம் வரலீங்க சார். படம் காட்டற சிப் போயிருச்சு."

"வேற போடலாமே டீச்சர்."

"எங்கிட்ட இல்லீங்க. தேடாத எடம் இல்ல. எனக்குத் தெரிஞ்சு, நல்ல சிப்போட சும்மா இருக்கறது உங்க அண்ணனோடது ஒண்ணுதான்."

வெள்ளியங்கிரியின் முகம் இறுகியது.

"பாய் எப்படி இருக்கார்?" என்று கேட்டார்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். வீட்ல இருக்கற நாள்ல துருவாதான் துணை. இப்ப அதுவும் இல்ல. செவுத்தப் பாத்துட்டே உக்காந்திருக்கார்னு அவர் சம்சாரம் போன்ல அழுகறாங்க."

வெள்ளியங்கிரி எழுந்து போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை ஒரு பழைய வேட்டியில் சுற்றி அண்ணனின் துருவாவைக் கொண்டுவந்தார். மேஜையில் வைத்தும் அதன்மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்லியிருக்கேன் டீச்சர். அண்ணன் எப்படி வெச்சிருந்தாரோ அப்படியே அதுக்குள்ள இருக்கணும். பாய்க்கு என்னால குடுக்க முடியாதுங்க."

"சரிங்க சார்."

"பெட்டியில வைக்கறதுக்கு முன்னால, உள்ளுக்குள்ள தூசி தட்டணும். தனியாத் தொறக்க மனசு வரல. நீங்க பக்கத்துல இருந்தாப் போதும்."

டீச்சர் திருப்புளியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

திருகாணிகளை அவரே கழற்றினார். மூடியைத் தூக்கினார். உள்ளே தூசியே இல்லை. ஆனால் அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்த சிப் ஏன் வேற நிறமா இருக்கு?"

"அது சேலம் லாசர் சாரோடது. அவர் இறந்தப்ப அவர் பொண்ணு மிஷினக் கொண்டாந்து குடுத்துச்சு. நான் கழட்டி உங்க அண்ணனுக்கு அனுப்பினேன்."

"இது?"

"விருதுநகர் ஜெயலட்சுமி அம்மாவோடது. கேன்சர்ல போனாங்க."

"இந்த கீபோர்டு?"

"யாரோடதுன்னு தெரியலீங்க. பழைய இரும்புக் கடையில கெடந்துச்சு."

வெள்ளியங்கிரியின் விரல் கடைசியாகப் படம் காட்டும் சிப்பின்மேல் வந்து நின்றது. உபைதுல்லா பாய்க்கு வேண்டியது அதுதான்.

"இதாவது அண்ணனோடதுங்களா?"

"இல்லீங்க. எங்க வீட்டுக்காரரோடது."

டீச்சரின் கணவர் உயிரோடு இல்லை என்பது வெள்ளியங்கிரிக்குத் தெரியும். அதற்குமேல் அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"நீங்களேவா கழட்டினீங்க?"

"வேற யாரு இருந்தாங்க?"

வெள்ளியங்கிரி தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"அப்ப இதுல எங்க அண்ணனோடது எதுங்க டீச்சர்?"

டீச்சர் உள்ளேயிருந்த பலகையை மெல்ல வெளியே எடுத்துத் திருப்பிப் பிடித்தார். பின்பக்கத்தில், அந்த சிப்புகளின் கால்கள் வெளியே வந்த இடங்களில், அவற்றைப் பலகையோடு பிடித்துவைக்க உருக்கி வைத்த ஈயப் பொட்டுகள் வரிசை பிசகாமல் இருந்தன. ஒவ்வொன்றும் கடுகளவு. வெள்ளியங்கிரி அவற்றைத் தொட்டுப் பார்த்தார். கண் நிறைந்து எதுவும் தெரியவில்லை.

"இந்த ஈயமெல்லாம் உங்க அண்ணன் வெச்சது," என்றார் டீச்சர். "கெட்டியாப் புடிச்சிருக்கு. சூடு காட்டினாத்தான் சிப்ப விடும்ங்க."