எஞ்சினுக்கு இட்ட பொட்டு

குறுக்கே பேசாமல் கேட்டால் சீக்கிரம் முடியும்.

ஒட்டன்சத்திரத்தில் மாசிலாமணி என்று ஒரு டாக்சிக்காரர். இருப்பது ஒரே கார். அது ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அதன் டைமிங் பெல்ட் இன்னும் அறுபடவில்லை, ஆனால் விரிசல் விட்டிருந்தது. மெக்கானிக் சன்னாசியிடம் கொண்டுபோனார்.

"அறுந்தா என்னப்பா ஆகும்?"

"கீழ்ச் சக்கரம் பிஸ்டனை ஏத்தி இறக்கும். மேல் சக்கரம் வால்வைத் திறந்து மூடும். ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது இந்தப் பல்லு வச்ச பெல்ட்டுதான். ஒண்ணு முந்தி ஒண்ணு பிந்துச்சுன்னா பிஸ்டன் போய் வால்வை இடிச்சு வளைச்சிடும். அப்புறம் எஞ்சினோட மேல் மூடி, அந்த ஹெட்டையே கழட்டணும்ணே."

மாசிலாமணிக்குப் பாதிதான் புரிந்தது. தலையை மட்டும் ஆட்டினார்.

சன்னாசி அழுக்கைச் சுரண்டினார். இரண்டு சக்கரத்திலும் செதுக்கியிருந்த சின்ன வெட்டின்மேல் வெள்ளைப் பெயிண்டால் புள்ளி வைத்தார். அந்தப் புள்ளி எஞ்சின் உடம்பிலுள்ள கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். பழைய பெல்ட்டை உருவினார். அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. ஸ்பேனரையெல்லாம் கழுவிப் படத்துக்கு முன்னால் வைத்தாயிற்று. வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது. வேலை பாதியில் நின்றது.

மாசிலாமணிக்குக் கை சும்மா இருக்குமா? பூஜை நாளில் தன் வண்டி மட்டும் அழுக்காக நிற்பதா என்று மண்ணெண்ணெய்த் துணியால் எஞ்சினைத் துடைத்தார். பெயிண்டும் போயிற்று. திருநீற்றைக் குழைத்து ஸ்டியரிங்குக்கு ஒரு பொட்டு, டயர்களுக்குப் பொட்டு, திறந்து கிடந்த அந்த இரண்டு சக்கரத்துக்கும் தோன்றிய இடத்தில் பொட்டு. காய்ந்ததும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

மறுநாள் காலை சன்னாசி ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கையில் மாவுக்கட்டு. பக்கத்துப் பட்டறை ஜோதிபாசுவைப் போனில் பிடித்தார்.

"மாப்ளே, வெள்ளைப் புள்ளி வச்சிருக்கேன். கோட்டோட சேர்த்து மாட்டு. சாவி போடுறதுக்கு முன்னாடி கையால ரெண்டு சுத்து சுத்திப் பாரு."

ஜோதிபாசு வந்தார். புள்ளியைச் சேர்த்தார். புது பெல்ட்டை மாட்டினார். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு மாசிலாமணி அவசரத்தில் பறந்தார்.

"தம்பி, நல்ல நேரம் முடியப்போகுது!"

"இந்தா ஆச்சுண்ணே." ஜோதிபாசு நேரே சாவியைத் திருப்பினார். எஞ்சினுக்குள் சம்மட்டி அடித்த மாதிரி சத்தம். அதோடு நின்றது.

சன்னாசி மாவுக்கட்டோடு ஓடிவந்து பார்த்தார். "ஏண்ணே, எஞ்சினுக்கு நெத்தி இங்கதான் இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"எனக்கு என்ன தெரியும்? சக்கரம்னா பொட்டு வைப்பேன்."

"புள்ளியைச் சேர்க்கச் சொன்னே, சேர்த்தேன். இவரு அவசரப்படுத்துனாரு, போட்டேன்" என்றார் ஜோதிபாசு.

மாசிலாமணி இவர் முகத்தைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். புள்ளி வைத்தது ஒருவர், அழித்தது தான், மாட்டியது இன்னொருவர். யார் சட்டையைப் பிடிப்பது? தன் சட்டையைத் தானே பிடிப்பதா? சவாரி இல்லாமல் வீட்டுக்கு என்ன பதில் சொல்வது?

ஹெட்டைக் கழற்றி வண்டியை ஓட வைப்பது யார் பொறுப்பு? மூவரில் தவறு செய்தவர் யார்?

சொல்லத் தெரியவில்லையா? ஜோதிபாசுதான். துடைத்தவருக்குத் தொழில் தெரியாது. அவசரப்படுத்தினார், உண்மை; ஆனால் சாவி அவர் கையில் இல்லை. சன்னாசி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். கையால் சுற்றியிருந்தால் எஞ்சின் முட்டிக்கொண்டு நின்றிருக்கும், சேதம் இல்லாமல் பெல்ட்டைக் கழற்றி மறுபடி மாட்டியிருக்கலாம். ஜோதிபாசுவும் மறுக்கவில்லை, தன் பொறுப்பிலேயே ஹெட்டைக் கழற்றினார். ஒன்று மட்டும் செய்தார்: வேலை முடிகிறவரை மாசிலாமணியைப் பட்டறைக்குள் விடவில்லை. ஏன் என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை.