பத்துப் பேர் இல்லாத பெரிய விழா

கொச்சி யூத வியாபாரி எலியாகு முதலாளியின் மகனுக்குப் பதின்மூன்று வயது நிறைகிறது. பையன் ஜெப ஆலயத்தில் வேதம் வாசித்துப் பெரியவனாகும் விழா. மந்திரி, யானை, செண்டைமேளம் எல்லாம் பட்டியலில் ஏறியாகிவிட்டது. ஊரில் மிச்சமிருந்த யூதர்களான தையல்கார மோசே வீட்டு எட்டு ஆண்களை மட்டும், "நம்ம கௌரவம் என்னாகும்!" என்று முதலாளி பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்.

சமையல்காரர் பேச்சிமுத்து தலையைச் சொறிந்தார். "பத்து யூத ஆம்பளைங்க இல்லாம வேதத்தைத் திறக்கக் கூடாதும்பீங்களே முதலாளி. மந்திரியை எண்ணிக்கலாமா?"

முதலாளிக்கு வேர்த்துவிட்டது. "நாளைக்குள்ள பத்துப் பேரைக் கொண்டா! இல்லேன்னா உனக்கு வேலை இல்ல!"

"நீங்களும் பெரியவனாகிற தம்பியும் ரெண்டு. மிச்ச எட்டு மோசே வீட்டுல இருக்கு. சமையல்காரன் போய்க் கூப்பிட்டா உங்க கௌரவம் என்னாகும்? நீங்களே போங்க. யானையில மட்டும் போகாதீங்க, அந்தச் சந்துல அது நுழையாது."