ஈரத் துண்டு

ஒரு வழக்கு சொல்கிறேன், காதைக் கொடுங்கள். என் தீர்ப்பைக் கடைசியில்தான் சொல்வேன். அதற்குள் உங்கள் தீர்ப்பை நெஞ்சுக்குள் ஒரு மூலையில் போட்டு வையுங்கள்.

வடசென்னையில் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டின தெருவில் ரெஜினா என்று ஒருத்தி. புருஷன் வேதநாயகம் ஒரு காலத்தில் குத்துச்சண்டைக்காரன். இப்போது கட்டிலோடு கிடக்கிறான். கண் திறந்திருக்கும், பார்வையில் ஆள் இருக்காது. கஞ்சி ஊட்டினால் பாதி உள்ளே போகும், பாதி கழுத்தில் வழியும்.

அவனைக் கட்டிலில் போட்டது ஒரே ஒரு சண்டை. பட்டத்துக்கான சண்டை. எதிரில் நின்றவன் இடி மாசிலாமணி.

அந்தக் காலத்துக் கூட்டம் எப்படி என்றால், தன் ஆள் நல்ல குத்து ஒன்று விட்டுவிட்டால் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து வீசும். மேடையிலும் நாலு வந்து விழும். நடுவர் காலால் தள்ளிவிட்டு ஆட்டத்தை நடத்துவார். ஆனால் சண்டைக்காரனின் மூலையில் நிற்கிற துணையாள் துண்டை வீசினால் அதற்கு அர்த்தம் வேறு. எங்கள் ஆளால் முடியவில்லை, நிறுத்துங்கள் என்று அர்த்தம்.

வேதநாயகத்தின் மூலையில் நின்றவன் அவன் கூடப்பிறந்த தம்பி சூசை. துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவன்.

கடைசிச் சுற்றில் வேதநாயகத்துக்குக் கால் பின்னிக்கொண்டது. கூட்டம் கூத்தாடியது. துண்டுக்கு மேல் துண்டாகப் பறந்து வந்தது. நடுவர் கோதண்டம் எல்லாவற்றையும் பூட்ஸ் காலால் ஒதுக்கி, "ம், ஆடு!" என்றார். மாசிலாமணி ஒரு குத்து விட்டான். முடிந்தது கதை. ஒருவனுக்குப் பட்டம், ஒருவனுக்குக் கட்டில்.

ஆஸ்பத்திரி வாசலில் ரெஜினா கொழுந்தன் சட்டையைப் பிடித்தாள்.

"அண்ணன் சாவறத வேடிக்கை பாத்துக்கினு நின்னியாடா? துண்டு போட உனக்குக் கை இல்லையா?"

"போட்டேன் அண்ணி. மாதா மேல சத்தியமா போட்டேன்."

"ஆமாமா, அங்க பறந்ததெல்லாம் உன்னுதுதான். போடா அப்பால."

அன்றோடு அவனுக்கு அண்ணன் வீட்டு வாசல் அடைபட்டது. அண்ணனை விற்றவன் என்று தெருவும் பேர் வைத்தது. சூசை விடவில்லை. மீன் வாங்கிவந்து கதவில் மாட்டிவிட்டுப் போவான். அவள் பூனைக்குப் போடுவாள். கிறிஸ்துமஸ் அன்று எதிர்ச்சாரியில் வந்து நிற்பான், ஜன்னலைச் சாத்துவாள். வருஷக்கணக்காக இதே பிழைப்பு. போன மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு சூசை செத்தான். அவள் சாவுக்கும் போகவில்லை.

மாசிலாமணியின் கதை வேறு. அந்தச் சண்டைக்குப் பிறகு அவன் தோற்றதே இல்லை. கையுறையைக் கழற்றின பிறகு தெருப் பிள்ளைகளைச் சேர்த்து வித்தை சொல்லிக் கொடுத்தான். ஒருத்தரிடமும் கூலி கேட்டதில்லை. அவன் கையில் தேறின பிள்ளைகள் ரயில்வேயிலும் போலீஸிலும் உத்தியோகம் பார்க்கிறார்கள். அதனால் புதிதாகக் கட்டுகிற குத்துச்சண்டைக் கூடத்துக்கு அவன் பெயரையே வைப்பதென்று கமிட்டி முடிவு செய்தது. கமிட்டித் தலைவர் யார்? அதே நடுவர் கோதண்டம்.

"ரெஜினா சரின்னு சொல்லட்டும், அப்புறம் வைங்க" என்றான் மாசிலாமணி.

இரண்டு பேரும் அவள் வீட்டுக்கு வந்தார்கள். அவள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லிடும்மா. விளையாட்டுல நடந்தது" என்றார் கோதண்டம்.

"எனக்கு இவர் மேல கோவமே இல்லீங்க. எதிர்ல நிக்கிறவன் அடிக்கத்தான் செய்வான். கூட நின்ன பாவிதான் துண்டு போடல."

மாசிலாமணி தலை குனிந்தபடியே சொன்னான்: "போட்டான்."

"இன்னாது?"

"சூசை போட்டாம்மா. சனங்க வீசுறது காஞ்ச துண்டு, காத்துல பறந்து வரும். இது ஐஸ் வாளியில முக்கினது. சொத்துனு என் முழங்கால்ல விழுந்துச்சு. சில்லுனு இருந்துச்சு. தெரிஞ்சுதான் அடிச்சேன்."

கோதண்டம் பதறிவிட்டார். "இப்ப எதுக்குடா இது? நான் ஆடுன்னேன், நீ ஆடுனே. நிறுத்துறது என் வேலை. தப்புன்னா அது துண்டைத் தள்ளின என் காலோட தப்பு. அந்த ஒரு குத்துக்காக, உன்னால எத்தனை வீட்டுல அடுப்பு எரியுதுங்கறது இல்லன்னு ஆயிடுமா?"

"பேரு வேணாம்னாலும் சரி ஐயா. இவ சூசையைத் திட்டும்போது என்னால பொய்யோட உக்கார முடியல."

கேட்டீர்களா? அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பெயர் கிடைத்திருக்கும். யாரும் கேட்காமல் தானாகவே சொன்னான். நடுவரோ பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார். இப்போது சொல்லுங்கள்: இதில் பெரிய குற்றம் யாருடையது? அந்தக் கூடத்துக்கு மாசிலாமணி பெயர் தகுமா, தகாதா?

என் தீர்ப்பு இது. நடுவருக்குக் கண் ஏமாந்தது, கண் ஏமாறும். அந்தக் குத்தைக்கூட நான் பாதி மன்னிப்பேன், ரத்தம் சூடாயிருந்த நேரம், ஆடு என்ற உத்தரவும் காதில் விழுந்திருந்தது. கைக்கு உத்தரவு இருந்தது சரி, வாயைத் திறக்க எந்த நடுவரைக் கேட்க வேண்டும்? மறுநாளே சொல்லியிருந்தால் அண்ணன் எழுந்திருக்கமாட்டான், ஆனால் தம்பி வீட்டுக்குள் வந்திருப்பான். சூசை இருக்கிறவரை மாசிலாமணி பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டான், சூசை போனதும் மனசாட்சியைக் காப்பாற்றிக்கொள்ள வந்தான். பெயர் தகாது. பிள்ளைகளுக்குச் செய்த நன்மை பிள்ளைகளிடம் இருக்கட்டும், சுவருக்கு ஏற வேண்டாம்.

ரெஜினா இவ்வளவெல்லாம் பேசவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"பேரு வைங்க, வைக்காம போங்க. சூசைக்கு நான் ஒரு வாய் சோறு போடணும். எங்க போய்ப் போடறது, அதச் சொல்லுங்க."