எத்தனை கோர் இருந்தால் போதும்?

கதை முடிகிற இடத்தில் பதில் சொல்லப்போவது நீங்கள்தான். அதனால் கொஞ்சம் கவனமாகவே கேளுங்கள்.

நிலக்கோட்டையில் சம்பங்கி மாலை கோர்த்துக் கொடுக்கிற வடிவம்மாளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் வைரவன் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிறவன். இளையவள் ரேணுகா கட்டட வரைபடம் போடப் படித்தவள். அவளைப் பெங்களூரில் ஒரு கம்பெனி வேலைக்கு எடுத்திருந்தது. "வீட்டில் இருந்தபடியே செய்யலாம். ஆனால் உங்கள் கம்ப்யூட்டர் ஈடுகொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வரைபடம் முடித்து அனுப்புங்கள். முடியவில்லையென்றால் இங்கேயே வந்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டரோ, படத்தில் ஒரு சுவரை நகர்த்திவிட்டுப் போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தாலும் அப்படியே முழித்துக்கொண்டு நிற்கும்.

ஊர் விட்டுப் போக ரேணுகாவுக்கு இஷ்டமில்லை. அனுப்ப வடிவம்மாளுக்கு மனசில்லை. "அபிராமித் தாயே, புள்ள என் கண்ணு முன்னால இருக்கட்டும்" என்று வேண்டிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை காலையில் பிள்ளைகளோடு திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினாள்.

கம்ப்யூட்டர் கடை இஸ்மாயில் பாய் மூன்று சின்னப் பெட்டிகளை எடுத்து வரிசையாக வைத்தார்.

"யம்மா, இதுக்குப் பேரு பிராசஸர். கம்ப்யூட்டரோட மூளை. மத்த சாமானெல்லாம் மூணுக்கும் ஒண்ணுதான். இதை மட்டும் பார்த்து எடுத்தாப் போதும். இது பன்னண்டு கோர், முப்பதாயிரம். இது எட்டு கோர், பதினாலாயிரம். இது ஆறு கோர், பதினேழாயிரம்."

"என்ன பாய், எட்டை விட ஆறுக்கு விலை கூடவா?"

"இதுல ஆளு கம்மி. ஆனா ஒவ்வொரு ஆளும் வேகம் ஜாஸ்தி."

சொல்லிவிட்டு ஒரு அட்டையைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு கோரும் தனியாக ஓடினால் எவ்வளவு வேகம் என்பதற்கு அதில் மார்க் போட்டிருந்தது. பன்னிரண்டு கோர் உள்ளதில் ஒன்றுக்கு இருபத்தைந்து. எட்டு உள்ளதில் ஒன்றுக்கு இருபத்துநாலு. ஆறு உள்ளதில் ஒன்றுக்கு முப்பத்தாறு.

வைரவன் யோசிக்கவே இல்லை. "பன்னண்டுதாம்மா. என் கூட்டாளி வச்சிருக்கான். நம்ம வீட்டுல நாள் பூரா இழுக்கிற என் கல்யாண வீடியோ வேலை அவன்கிட்ட டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடுது. விலையைப் பார்க்காத. லென்ஸ் வாங்க வச்சிருக்கிற பணத்தை நான் போட்டுக்கிறேன்."

"லென்ஸ் இல்லாம நீ என்னத்தைப் படம் புடிப்ப, பொண்ணு மாப்பிள்ளை நெழலையா?" என்றாள் ரேணுகா. ஆனாலும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பாய் தலையை ஆட்டினார். "தம்பிக்குத் தங்கச்சி மேல பாசம், அது சரி. கடைக்காரன் நான் சொல்றேன், அவ்வளவு வேண்டாம். எல்லா கோரோட மார்க்கையும் கூட்டி, விலையால வகுத்துப் பாருங்க. போடுற ஒவ்வொரு ரூபாய்க்கும் ஜாஸ்தி வேலை குடுக்கிறது இந்த எட்டுதான்." கால்குலேட்டரில் போட்டும் காட்டினார். அந்தக் கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

வடிவம்மாளுக்குக் கணக்கு ஓடவில்லை. இத்தனை நேரமும் ஒரே ஒரு சொல்லில் அவள் மனசு நின்றுபோயிருந்தது.

"ஏன் பாய், பன்னண்டு கோர்னா பன்னண்டு பேரு உள்ள உட்காந்து கோக்குறாங்கன்னுதானே அர்த்தம்?"

பாய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "யம்மா, அது இங்கிலீஷ் வார்த்தை. உள்ள ஊசியும் இல்ல, நூலும் இல்ல!"

"நூல் இருக்கே பாய்," என்றாள் ரேணுகா. "பெட்டியிலேயே த்ரெட்னு போட்டிருக்கு. த்ரெட்னா நூல்தானே?"

பாய் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டுப் பொம்பளைங்ககிட்ட யாவாரம் பண்ண முடியாது" என்றார்.

வடிவம்மாள் மகளின் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, உன் வேலை எந்த மாதிரி? நூறு மாலையை ஆளுக்குக் கொஞ்சமாப் பிரிச்சுக் கோக்குற வேலையா, இல்ல சாமிக்குப் போடுற ஒத்தை மாலையா?"

ரேணுகா விரலால் காற்றில் ஒரு சுவரை வரைந்து காட்டினாள். "ஒத்தை மாலைதாம்மா. சுவரு நகர்ந்தாத்தான் ஜன்னல் எங்கன்னு தெரியும். ஜன்னல் நின்னாத்தான் அதுக்கு மேல வர்ற பீம் எவ்வளவுன்னு தெரியும். ஒண்ணு முடியாம அடுத்தது அசையாது."

"அப்ப இதை எடு," என்று வடிவம்மாள் ஆறு கோர் பெட்டியில் கையை வைத்தாள்.

"அம்மா, அந்த வார்த்தைக்கு அர்த்தமே வேறன்னு இப்பத்தானே பாய் சொன்னாரு!" என்று தலையில் அடித்துக்கொண்டான் வைரவன்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களே! அண்ணன் காட்டியது மூன்றிலும் பலசாலி. பாய் காட்டியது காசுக்கு லாபம். தாய் காட்டியதோ ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டுவிட்டு எடுத்தது. வெள்ளிக்கிழமைக்குள் ரேணுகாவின் வரைபடம் முடிய வேண்டும். இந்த மூவரில் யார் பேச்சைக் கேட்டு அவள் வாங்குவது சரி?

விடை: தாயின் பேச்சைத்தான். சொல்தான் தப்பு, பொருள் தப்பவில்லை. கல்யாண வீடியோவைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பன்னிரண்டு பேரிடமும் கொடுத்துவிடலாம், ஆகவே வைரவன் சொன்னது அவன் தொழிலுக்குச் சரி. எல்லாக் கோரும் சேர்ந்து உழைக்கும் வேலை என்றால் பாயின் கணக்கும் சரி. ரேணுகாவின் வேலை அப்படி இல்லை. ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது என்பதால் ஒரு சமயத்தில் ஒரு கைதான் ஓடும், மற்றக் கைகள் பெரும்பாலும் சும்மா வேடிக்கை பார்க்கும். ஒற்றைக் கையின் வேகம் என்று பார்த்தால் முப்பத்தாறு வாங்கிய ஆறு கோரை அடிக்க மற்ற இரண்டாலும் ஆகாது. வரைபடம் வியாழக்கிழமை சாயங்காலமே போய்ச் சேர்ந்தது. "நீங்கள் வீட்டிலிருந்தே செய்யலாம்" என்று பெங்களூரிலிருந்து வந்த பதிலை ரேணுகா சத்தமாகப் படித்தாள். "எங்க, இன்னொரு தரம் படி," என்றாள் வடிவம்மாள்.