முப்பத்தொன்பதாவது கிணறு

செங்குட்டுவனுக்கு ஐம்பத்தாறு வயது. நிலத்தடி நீர்த் துறையில் வேலை பார்த்துக்கொண்டே ஏழு வருஷமாக ஆய்வுப் பட்டத்துக்குப் படிக்கிறார். நெறியாளர் ரெஹானா அவரைவிட இருபது வயது இளையவர். இன்று ஐந்து மணிக்குள் ஆய்வேட்டின் பின்னிணைப்பு வந்து சேராவிட்டால் செங்குட்டுவனின் பதிவு ரத்தாகிவிடும்.

பின்னிணைப்பு ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. கிணற்றுக்கு ஒரு பக்கம். பக்கத்துக்கு நான்கு வரைபடங்கள்: மழை, நீர்மட்டம், உப்பு, விளைச்சல். முப்பத்தெட்டுக் கிணறுகளையும் ஆர் என்ற கணினி மொழியில் வரைந்து ஒரே பிடிஎஃப்பாக எடுக்க வேண்டும், அவ்வளவுதான். காலையிலிருந்து நான்கு முறை அனுப்பிவிட்டார். நான்கும் திறக்கவில்லை. கோப்பு பழுதடைந்திருக்கிறது என்ற அதே செய்தியைப் பார்த்துப் பார்த்து ரெஹானாவுக்குத் தலைவலியே வந்துவிட்டது.

மூன்று மணிக்கு மனிதர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். ஆர் சரியில்லை, லேப்டாப் சரியில்லை, நெட்டும் சரியில்லை என்று ஒரு பாட்டம் புலம்பித் தீர்த்தார். ரெஹானா பல்லைக் கடித்துக்கொண்டு அவர் எழுதியதை வரி வரியாகப் படித்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. தான் போன வாரம் எழுதிக்கொடுத்த கடைசி வரியை மட்டும் காணோம். அது இல்லாவிட்டால் கோப்பு முழுமையடையாது, யாருக்கும் திறக்காது.

“பிடிஎஃப்பை மூடுற வரி எங்க சார்?”

“எடுத்துட்டேன் மேடம்.”

“ஏன்?”

“மூடிட்டா அப்புறம் பக்கம் சேர்க்க முடியாதுன்னு நீங்கதான சொன்னீங்க. கடலோரமா ஒரு கிணறு இருக்கு, அதோட அளவு இன்னும் வரல. வந்ததும் சேர்த்துடலாம்னு…”

ரெஹானாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போன வருஷம் இவருக்கு வேறொரு கிணறு பாக்கி இருந்தது. அதற்கு முந்தைய வருஷம் இன்னொன்று. திட்டுவதற்கு வாய் திறந்தவர், எதிரே நின்றவரின் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, அந்த வரியை அவரையே அடிக்கச் சொன்னார்.

அடித்தார். என்டரை அழுத்தாமல் விரலை அப்படியே நிறுத்திக்கொண்டார்.

“உள்ள தப்பு ஏதாவது இருந்துச்சுன்னா மேடம்?”

“இருக்கும் சார்.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “அப்ப என்ன பண்றது?”

“படிக்கிறவங்க சொல்லுவாங்க. முதல்ல அவங்களுக்கு அது திறக்கணும்.”