மன்னருக்கு முன்னால் நடந்த பழுது

இதை நான் நேரில் பார்க்கவில்லை. புகைப் பரிசோதனை நிலையத்தில் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் நின்றவர் சொன்னார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்பதற்குள் அவருடைய முறை வந்துவிட்டது. கேட்டபடியே சொல்கிறேன்.

செங்கழுநீர்க்கோட்டை என்று ஒரு சின்ன ராஜ்யம். அங்கே ஒரு ராஜா, ஒரு அரண்மனை, இருபத்திரண்டு வயதான ஒரு பெட்ரோல் கார். மகாராஜா பூபாலகேசரி காரைத் தானே ஓட்டுவார். வேறு யாரும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

அந்த வருஷம் அவர் ஒரு சட்டம் போட்டார். புகை கக்கும் வண்டி எல்லைக்கு வெளியே போக வேண்டும். அதை ஓட்டுகிறவரும் கூடவே போக வேண்டும். சட்டம் வந்து பத்து நாள் ஆவதற்குள் மகாராஜாவின் காரே கரும்புகை விட்டது. கோவில் வீதியில் நின்றவர்கள் இருமினார்கள். ராஜா ஆயிற்றே என்று வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்கள்.

வாகன இலாகா அதிகாரி தாண்டவராயர் ஓடி வந்தார். காருக்குள் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அவர் அதன்மேல் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார்.

"இப்போது விளக்கு தெரிகிறதா, மகாராஜா?"

"தெரியவில்லை."

"சரியாகிவிட்டது."

புகை மட்டும் சரியாகவில்லை. தாண்டவராயர் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார். ஒரு மாதம் கழித்து மறுபடி புகை. புகையைத் திருப்பி அனுப்பும் வால்வை மாற்றினார். மறுபடி புகை. சைலன்சருக்கு முன்னால் இருக்கும் கன்வெர்ட்டரை, அதாவது புகையின் நஞ்சை முறிக்கும் பெட்டியை, போன வாரம் மாற்றினார். அதற்கும் புகை.

"இன்ஜினையே மாற்றிவிடலாம்" என்றார் தாண்டவராயர். "இல்லையென்றால் நம்ம இலஞ்சியப்பனிடம் கொடுத்துப் பாருங்கள். அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே!"

இலஞ்சியப்பன் சபையில் சாதுர்யத்துக்குப் பேர்போனவர். தாண்டவராயருக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

மகாராஜா சொன்னார்: "இலஞ்சியப்பா, வெள்ளிக்கிழமை பரிசோதனை. பழுதான பாகத்தை நீ மாற்றியாக வேண்டும். ஆனால் இனி ஒரு பாகம்கூட வாங்கக் கூடாது. அரண்மனை வழக்கம் எதையும் மீறக் கூடாது. புகை வந்தால் சட்டப்படி நான் நாட்டை விட்டுப் போக வேண்டும். நான் போனால் நன்றாக இருக்காது. எனக்குப் பதிலாக நீ போய்விடு."

"உத்தரவு, மகாராஜா" என்றார் இலஞ்சியப்பன். போனால் திரும்பி வர முடியாது என்று அவருக்குத் தெரியும்.

முதலில் சந்தனத்தைத் துடைத்தார். விளக்கு ஜம்மென்று எரிந்தது. பிறகு தாண்டவராயர் கழற்றிப் போட்டிருந்த சென்சாரையும் வால்வையும் வாங்கிப் பார்த்தார். இரண்டிலும் ஒரே மாதிரிக் கரி. புதிய கன்வெர்ட்டரை இறக்கிப் பார்த்தார். ஒரே வாரத்தில் அதன் வாயிலும் அதே கரி. "அடிபட்டவர்கள் மூன்று பேர். அடித்தவன் ஒருவன்தான்" என்று முனகிக்கொண்டு கன்வெர்ட்டரைத் திரும்ப மாட்டினார்.

மறுநாள் மகாராஜா கோவிலுக்குக் கிளம்பியபோது பின் சீட்டில் அவரும் ஏறிக்கொண்டார்.

காருக்கு முன்னால் கட்டியக்காரர் புலமாடன் வெள்ளித்தடியோடு நின்றார். மன்னர் எங்கே போனாலும் பட்டங்களைச் சொல்லிக்கொண்டு முன்னால் போவது அவர் வேலை. மன்னருக்கு முதுகு காட்டக் கூடாது என்பது வழக்கம். அதனால் அவர் பின்னோக்கியே நடப்பார். கட்டியம் காதில் விழாத தூரத்தில் மன்னர் இருக்கக் கூடாது என்பது இன்னொரு வழக்கம். அதனால் கார் அவரை ஒட்டியே போகும்.

"பராக்! பராக்! பூபாலகேசரி..." என்றார் புலமாடன். ஒரு கல் தடுக்கியது. நின்றார், காலால் தடவிப் பார்த்தார், மறுபடி நடந்தார். கார் முதல் கியரில் முக்கியது. கோவில் இரண்டு கிலோமீட்டர். ஒன்றே கால் மணி நேரம் ஆனது.

"எத்தனை வருஷமாக இப்படி, அண்ணாச்சி?" என்று கோவில் வாசலில் இறங்கிய இலஞ்சியப்பன் புலமாடனிடம் மெல்லக் கேட்டார்.

"எங்க தாத்தா காலத்துல பல்லக்கு. அப்ப சரியா இருந்துச்சு" என்றார் புலமாடன். "இப்ப கழுத்துதான் போச்சு."

வெள்ளிக்கிழமை காலை. மகாராஜா காரைக் கிளப்பினார். முன்னால் ஒரு ஸ்கூட்டர் நின்றது. ஓட்டுகிற இடத்தில் இலஞ்சியப்பன். அவருக்குப் பின்னால், காரைப் பார்த்தபடி திரும்பி உட்கார்ந்து, இடுப்பில் துண்டால் கட்டப்பட்டு, புலமாடன்.

"இது என்ன கூத்து?" என்பதற்குள் ஸ்கூட்டர் பறந்தது. "பராக்! பராக்!" காற்றில் தேய்ந்தது. கட்டியம் காதில் விழ வேண்டுமே! மகாராஜா ஆக்சிலரேட்டரை மிதித்தார். இரண்டாவது கியர், மூன்றாவது, நான்காவது. அந்தக் கார் நான்காவது கியரைப் பார்த்தது அன்றுதான். எல்லைச் சாலையில் முப்பது கிலோமீட்டர் சுற்றினார்கள். முதலில் கரும்புகை குபுகுபுவென்று வந்தது. பிறகு சாம்பல் நிறம். பிறகு ஒன்றுமே இல்லை.

பரிசோதனை நிலையத்துக்கு வந்ததும் பரிசோதகர் சைலன்சரில் குழாயைச் செருகினார். சீட்டு வந்தது. தேர்ச்சி.

"எந்தப் பாகத்தை மாற்றினாய்?" என்றார் மகாராஜா, சபைக்குத் திரும்பியதும்.

"காருக்குள் இருந்ததெல்லாம் நல்ல பாகம், மகாராஜா. பழுது முன்னால் நடந்துகொண்டிருந்தது. அதை உட்கார வைத்தேன்."

தாண்டவராயர் துள்ளினார். "வழக்கம் மீறப்பட்டது! கட்டியக்காரன் உட்காரலாமா?"

"முதுகு காட்டக் கூடாது என்றுதான் வழக்கம். அவர் காட்டினாரா? நடக்க வேண்டும் என்று எந்த ஏட்டில் இருக்கிறது?"

தாண்டவராயர் யோசித்தார். முகம் மலர்ந்தது. "அவன் காட்டவில்லை. ஸ்கூட்டர் ஓட்டிய நீர்? முப்பது கிலோமீட்டரும் மகாராஜாவுக்கு முதுகு காட்டினீர்!"

மகாராஜா இலஞ்சியப்பனைப் பார்த்தார்.

"மகாராஜாவையே கேட்போம்" என்றார் இலஞ்சியப்பன். "என் முதுகை எப்போதாவது பார்த்தீர்களா? நடுவில் புலமாடன் அண்ணாச்சி அல்லவா உட்கார்ந்திருந்தார்?"

மகாராஜா விழுந்து விழுந்து சிரித்தார். இலஞ்சியப்பனுக்கு முத்துமாலை கிடைத்தது. புலமாடனுக்குச் சாய்மானம் வைத்த சீட்டு கிடைத்தது.

பிறகு ஒரு மெக்கானிக்கிடமும் ஒரு புத்தகத்திலும் சரிபார்த்தேன். கன்வெர்ட்டர் ஏறக்குறைய இருநூற்றைம்பது, முந்நூறு டிகிரி சூடேறினால்தான் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கும். எப்போதும் ஊர்ந்துகொண்டே இருக்கும் காரில் கரி சேர்வதும் உண்மைதான். பின்னோக்கி நடக்கும் மனிதருக்குப் பின்னால் போகும் காரில் எத்தனை டிகிரி வரும் என்பது மட்டும் புத்தகத்தில் இல்லை.