மரத்துல தொங்குன அண்டா

தள்ளிப் படுடி பூவிழி. அத்தைக்கு இடுப்பே ஒடிஞ்சுபோச்சு இன்னைக்கு, காலையில இருந்து கடையில நின்ன நெலைதான். ஒரே ஒரு கதை. நீ ம் கொட்டணும். நிறுத்துனா நானும் நிறுத்திருவேன்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு அண்டா இருந்துச்சாம். வெண்கல அண்டா. உன்னைய மாதிரி நாலு பேரு உள்ள உக்காரலாம், அம்மாம் பெருசு. அந்த ஊரு கீழக்குடி. கண்மாய்க்கு அந்தப் பக்கம் மேலக்குடி, அவங்களுக்கும் ஒரு அண்டா. யாரு வீட்டுக் கல்யாணம்னாலும் ஊரு அண்டாவுல பொங்குன சோறுதான் பந்திக்கு. வேற எதுலயாச்சும் பொங்குனா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கை நனைக்க மாட்டாங்க. அப்படி ஒரு கட்டுப்பாடு.

ரெண்டு ஊருக்கும் கண்மாய்த் தண்ணிக்கு ஓயாத சண்டை. முன்னெல்லாம் அடிதடிதான். தோத்து ஓடுறவன் போட்டுட்டுப் போன கம்பு, அருவா, தலப்பா எல்லாத்தையும் பொறுக்கி, அவன் திரும்பி ஓடுன எடத்துலயே ஒரு மரத்துல கட்டித் தொங்க விடுவாங்க. செயிச்சதுக்கு அடையாளமாம். அப்புறம் செத்துச் செத்து எல்லாருக்கும் அலுத்துப்போச்சு. சரி, வருசா வருசம் ஆடியில கயிறு இழுப்போம், செயிச்ச ஊருக்கு மொதத் தண்ணின்னு பேசி முடிச்சாங்க. அப்போ அடையாளத்துக்கு என்ன பண்றது? தோத்த ஊரு அண்டாவைத் தூக்கிட்டுப் போயி மரத்துல தொங்க விடுறதுன்னு ஆச்சு. பேசுனதெல்லாம் ஆம்பளைங்க. அடுப்படியப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும். தூங்கிட்டியா?

"ம்... இல்ல."

மொத வருசம் கீழக்குடி தோத்துச்சு. அண்டா போயி மேலக்குடிப் புளியமரத்துல தொங்குச்சு. அதோட விட்டாங்களா? தினம் விடிய ஒருத்தன் உலக்கையால அதை அடிப்பான். டங்ங்ங். கண்மாய் தாண்டி கீழக்குடி வரைக்கும் கேக்கும். நீங்க தோத்தவங்கன்னு ஞாபகப்படுத்துறாங்களாம். வேற வேலையில்ல.

கீழக்குடியில ராக்குன்னு ஒருத்தி, ஊருக்கெல்லாம் சோறு பொங்குறவ. அவ மக அழகிக்கு ஆவணியில கல்யாணம் பேசியிருந்துச்சு. அண்டா இல்லாம எப்படிப் பந்தி போடுறது? கல்யாணம் தள்ளிப்போச்சு. ராக்கு மேலக்குடிக்கு நடந்து போயி, "ஒரு நாளைக்குக் குடுங்க, கழுவிக் கொண்டாந்து தர்றேன்"னு கேட்டா. "செயிச்சு எடுத்துக்க ஆத்தா"ன்னு அனுப்பிட்டாங்க.

அப்புறம் ரெண்டாவது வருசம். கீழக்குடிக்காரங்க கேப்பைக் களியாத் தின்னு ஒடம்பத் தேத்தி, ஐலசா ஐலசான்னு இழுத்தாங்க. கையெல்லாம் தோலு உரிஞ்சுச்சு. ஒரு சாண்ல விட்டுட்டாங்க. மறுநாள் விடிய, டண். மாப்பிள்ளையோட அப்பா வந்து, "இன்னும் ஒரு வருசந்தான் பாப்பேன் ராக்கு, அப்புறம் என் மகனுக்கு வேற எடம் தேடிக்குவேன்"னுட்டாரு. அழகி அன்னைக்குச் சாப்பிடல. ராக்குவும் சாப்பிடல.

"ம்."

மூணாவது வருசம் ராக்கு சேலையை வரிஞ்சு கட்டிக்கிட்டு, கயித்தோட கடைசியில தானே போயி நின்னா. ஐலசா... ஐலசா... சரசரசரன்னு மேலக்குடி மொத்தமா வந்து மண்ணுல விழுந்துச்சு. கீழக்குடி செயிச்சிருச்சு. ஓடிப்போயி அண்டாவை எறக்குறாங்க. எறக்குனா, அடி உலக்கை பட்டுப் பட்டுப் பொளந்து கெடக்கு. ராக்கு உள்ள கைய விட்டா, கை வெளிய வருது.

அப்போ கீழக்குடிக்காரங்க, "இது போனாப் போகட்டும், தோத்தவன் அண்டா நமக்குத்தானே"ன்னு மேலக்குடி அண்டாவைத் தூக்கப் போனாங்க. அங்க சோறு பொங்குற செவனம்மா அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. "எனக்கும் ஒரு மக இருக்கா ராக்கு. தையில கல்யாணம் வச்சிருக்கேன்"னா.

"ராக்குவுக்குக் கோவம் வரலையா அத்தை?"

வந்துச்சுடி. மூணு வருசக் கோவம். நல்லா அழுவட்டும்னுதான் மொதல்ல நெனச்சா. ஆனா அலுப்பு அதைவிடப் பெருசா இருந்துச்சு. இன்னும் மூணு வருசம் இன்னொருத்தி தினம் விடிய அந்தச் சத்தத்தைக் கேக்கணுமான்னு நெனச்சா. செவனம்மா பக்கத்துலயே மண்ணுல உக்காந்துட்டா.

"இது இங்கயே இருக்கட்டும். எனக்குக் கல்யாணத்தன்னைக்கு மட்டும் குடு. இனிமே செயிக்கிறவங்க அந்தப் பொளந்ததைத் தூக்கிட்டுப் போகட்டும்"னா ராக்கு.

"ஓட்டை அண்டாவுக்கா நாங்க கயிறு இழுக்கணும்?"னு ரெண்டு ஊரு ஆம்பளைங்களும் சண்டைக்கு வந்தாங்க.

"அடையாளந்தானே கேட்டீங்க. சோத்தையா கேட்டீங்க?"ன்னா. கீழக்குடி ஆம்பளைங்க பொளந்ததைத் தோள்ல தூக்கிட்டு நடந்தாங்க.

அப்புறம் ராக்கு ஒரு பக்கம், செவனம்மா ஒரு பக்கம் நல்ல அண்டாவைப் பிடிச்சுத் தூக்கி, கண்மாய்க்கரை வழியா நடந்தே கொண்டாந்தாங்க. அந்த ஆவணியிலேயே அழகி கல்யாணம் நடந்துச்சு. தையில செவனம்மா மகளுக்கும். வருசா வருசம் கயிறு இழுப்பாங்க, தோத்தா ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்க, ஆனா ஒரு வீட்டு அடுப்பும் அணையல.

அத்தை கடையில, போட்டியில செயிக்கிறவங்களுக்குப் பேரு வெட்டிக் குடுக்குற கப்பு பாத்திருக்கல்ல? தண்ணி ஊத்துனா அடியில திருகாணி வழியா ஒழுகிரும். இது எதுக்கு ஆகும்னு வர்றவங்க சிரிப்பாங்க. எதுக்கும் ஆகக் கூடாதுடி. எதுக்கும் ஆகாததாப் பாத்துக் குடுக்குறதாலதான், அது கெடைக்காத பிள்ளையும் ராத்திரி சோறு தின்னுட்டுத் தூங்குது.

பூவிழி? ம் சத்தத்தையே காணோம். சரி, கதையும் படுத்துருச்சு. அத்தையும் கண்ண மூடுறேன்.